பாதுகாப்பான தொங்கல்

மானிப்பாயில் விமானம் ஓட்டப் பழகுகிற ஒரே பிள்ளை வாகீசன். ஆகவே விமானத்தைப் பற்றி அவனைத் தவிர ஊரில் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

கொழும்புப் பக்கத்துப் பறப்புப் பள்ளியில் அவன் ஓட்டியது இரண்டு பேர் இருக்கக்கூடிய சின்ன விமானம். ஒருநாள் திரும்பும்போது வேகம் குறைந்து ஓர் இறக்கை சரிந்தது. மூக்கு நிலத்தைப் பார்த்தது. பயந்துபோன வாகீசன் பிடியைத் தன் பக்கம் இழுத்தான். முன்னால் தள்ளியிருக்க வேண்டும். பக்கத்திலிருந்த ஆசிரியர் பறித்துத் தள்ளியதால் ஊருக்கு ஓர் அஞ்சலிப் பதாகைச் செலவு மிச்சமானது.

பயத்தில் கை இழுக்கத்தான் செய்யும், குட்டிக்கரணம் அடித்துப் பழகினால்தான் அது மாறும் என்றார் ஆசிரியர். அதற்கென்றே கட்டிய விமானத்தில், நல்ல உயரத்தில், பரசூட்டும் கட்டிக்கொண்டு, கவிழ்ந்தும் சுழன்றும் மறுபடி நிமிர்கிற பயிற்சி. ஆபத்தையும் அவர் மறைக்கவில்லை. பழகி முடித்த சிலர் கூட்டாளிமாருக்கு வித்தை காட்டத் தாழப் பறந்து, அவர்களுடைய கூரையிலேயே இறங்கியிருக்கிறார்களாம். ஆனாலும் பயிற்சி எடுக்காதவனைத் தனியே பறக்க விடமாட்டேன் என்று முடித்துவிட்டார்.

தேர்த் திருவிழாவுக்கு வீட்டுக்கு வந்தவன் இதை வாய்விட்டுச் சொன்னதுதான் பிழை. தாய் சிவகௌரி சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். ஹெல்மெட்டை மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் கொழுவிக்கொண்டு திரிகிற தாய்மாமன் பஞ்சலிங்கம், பாதுகாப்பைப் பற்றி நெடுநேரம் கதைத்தார்.

"பஸ் ஓடப் பழகிறவன் மதகுக்குள்ளை விழுந்தோ பழகிறான்?"

சிவகௌரியிடம் வேறு ஏற்பாடு இருந்தது. பிள்ளை விமானத்தில் ஏறிய அன்றே முருகனுக்கு நேர்த்தி வைத்துவிட்டாள்: அவனுக்கு ஒன்றும் ஆகாமலிருக்க அவனே எடுக்கிற தூக்குக்காவடி.

அதாவது, இடுப்பிலும் தோளிலும் பட்டி கட்டித் தலைகீழாகப் பறப்பது ஆபத்து. முதுகுத் தோலில் செடில் முள்ளுக் குத்தி, லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் நட்ட மரத்திலிருந்து குப்புறத் தொங்குவது பாதுகாப்பு. லான்ட்மாஸ்டர் ஓட்டப்போகிறவர் பஞ்சலிங்கம். விமானம் கிளம்பமுன் ஆணி ஆணியாகத் தட்டிப் பார்ப்பார்கள். மாமா கயிற்றை ஒருதரம் இழுத்துவிட்டு, போன வருசமும் இதுதான் தாங்கினது என்றார்.

தேரன்று மதகடிக் குழிக்குள் லான்ட்மாஸ்டர் விழுந்து எழும்பியது. மரம் வில்லாக வளைந்து, வாகீசனைத் தார் றோட்டுக்கு முத்தம் கொடுக்கிற அளவுக்குக் கொண்டுபோய் மேலே எறிந்தது. அவன் கைகள் இரண்டும் இல்லாத பிடியொன்றை நெஞ்சுக்கு இழுத்தபடி நின்றன. அதைப் பக்தி என்று நினைத்த சனம் இன்னும் பலமாக அரோகரா சொன்னது. அதே பிழையைத்தான் கை மறுபடி செய்கிறது என்பது தொங்குகிறவனுக்கு மட்டும் தெரிந்தது.

இறக்கி, முதுகுக்குத் திருநீறு அப்பிச் சாப்பிட இருத்தினார்கள்.

"அம்மா, நான் அந்தப் பயிற்சிக்குப் போறன். என்ரை கை இன்னும் இழுக்குது."

பஞ்சலிங்கம் தொண்டையைச் செருமினார். சிவகௌரி அவர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணை, நீங்கள் சும்மா இருங்கோ. உங்கடை லான்ட்மாஸ்டரிலை தொங்கித் தப்பினவனுக்கு ஆகாயத்திலை என்ன வந்திடப் போகுது?"

பிறகு மகனுடைய கோப்பையில் இன்னொரு அகப்பைச் சோறு போட்டாள்.

"ஆனா தம்பி, வாற வருசமும் காவடி. இதைவிட உயரமா."

உயரம் கூடக் கூட நல்லது என்று ஆசிரியரும்தான் சொல்லியிருந்தார். வாகீசன் ஓம் என்றான்.