நான் அடித்தவர் எனக்காகச் சொன்ன சாட்சி

நான் நல்லவன் என்று சொல்லிக்கொள்ள இந்தச் சபையில் உங்கள் முன் எழுந்து நிற்கவில்லை. பிள்ளையார் என் அழுகையைக் கேட்டார். அதைச் சொல்லத்தான் நிற்கிறேன்.

என் பெயர் முத்தையா. மலாக்காவில், காஜா பேராங்கில் சொந்த லோரி ஓட்டினேன். கோபம் வந்தால் எனக்கு வாய் பேசாது, கைதான் பேசும். மலாயாவுக்குச் சுதந்திரம், மெர்டேக்கா, கிடைத்து ஊரெல்லாம் கொடி பறந்த மாதம், சோறு ஆறிவிட்டது என்று என் மனைவி கமலத்தை அறைந்தேன். முன்பல் உடைந்தது. அப்போது அவள் மூன்று மாதக் கர்ப்பிணி. பக்கத்தில் புக்கிட் ரம்பாயில் இருந்த அவளுடைய அண்ணன் வந்து, அவளைத் தாய்வீட்டுக்கு, நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏற்றி அனுப்பிவிட்டார். போய்த் தொலையட்டும் என்றேன்.

மாசி மாதம் அதே அண்ணன் ஒரு தந்தியை என் முகத்தில் விட்டெறிந்தார். குழந்தை பிறந்துவிட்டது. கமலம் ஜன்னி கண்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். பிழைப்பது கடினம்.

கப்பலில் போனால் ஒரு வாரம் ஆகும். லோரியை விற்று, சிங்கப்பூரிலிருந்து மெட்ராஸ் போகும் விமானத்துக்கு டிக்கெட் வாங்கினேன். ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலில் விழுந்து கதறினேன். "மூச்சு இருக்கும்போதே அவள் காலில் விழ வேண்டும், அப்பனே. அதற்குமேல் எதுவும் கேட்கமாட்டேன்."

விமான நிலையத்தில் அந்தோணி என்ற தமிழ் குமாஸ்தா என் டிக்கெட்டைப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினார்.

"சீட்டு நெறஞ்சிருச்சுண்ணே. நாளாண்ணிக்கி ப்ளேன்ல போங்க."

"காசு குடுத்து வாங்குன டிக்கெட்டுய்யா இது!"

"இருக்கிற எடத்துக்கு மேல வித்துட்டாங்க. ஒங்கள மாதிரி இன்னும் மூணு பேரு நிக்கிறாங்க. நான் என்ன செய்றது?"

அவர் சொல்லி முடிப்பதற்குள், எனக்குப் பின்னால் வந்த கோட்டுக்காரர் ஒருவரை உள்ளே விட்டார்கள். என் கண் இருட்டியது. அந்தோணியின் சட்டையைப் பிடித்து இழுத்து, அவர் தலையைக் கண்ணாடித் தடுப்பில் மோதினேன். கண்ணாடி நொறுங்கியது. அவர் காது கிழிந்து தொங்கியது. அப்போதும் விடவில்லை. குத்தினேன். பயணிகளின் பெயர்ப்பட்டியல் முழுக்க ரத்தம். காவலாளிகள் தடியால் விளாசினார்கள். என் விலா எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கீழே விழுந்தவனை உதைத்தார்கள். வாயில் ரத்தத்தோடு தரையில் கிடந்தபடி, அந்த விமானம் ஏறிப் போவதைப் பார்த்தேன்.

லாக்கப்பில் என் வலது கையைச் சுவரில் அடித்தேன். விரல் முட்டிகள் உடையும்வரை அடித்தேன். "அவளை நான் பார்க்காவிட்டால் போகிறது. அவளைப் பிழைக்க வை. இந்தக் கையை எடுத்துக்கொள்" என்று அலறினேன்.

அன்று மாலை அந்தோணி வந்தார். தலையைச் சுற்றிக் கட்டு. என்னைத் தொலைக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் இன்ஸ்பெக்டரிடம் சொன்னார்: "இவரு அடிச்சது உண்மை சார். இவரோட எடத்த நாங்க வேற ஆளுக்குக் குடுத்ததும் உண்மை. ரெண்டையும் எழுதிக்குங்க. கேஸ் வேணாம்."

"ஏண்ணே?" என்றேன். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஒங்க மேல உள்ள கோவம் போகல. ஒங்க பையிலேர்ந்து விழுந்த தந்தியப் படிச்சேன். அதான்."

அதையே அவர் தன் கையால் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்த விமானக் கம்பெனி, பேச்சில்லாமல் அடுத்த விமானத்தில் எனக்கு இடம் தந்தது.

நாகப்பட்டினத்தில் கமலம் உயிரோடு இருந்தாள். மூன்று நாள் கழித்து ஜன்னி இறங்கியது. கண் திறந்து என்னைப் பார்த்ததும், முழங்கையை மடக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். அதைவிடப் பெரிய அடி எனக்கு இதுவரை விழவில்லை. அவள் காலைப் பிடித்து அழுதேன்.

"தள்ளி நில்லுங்க. புள்ள பயப்படும்" என்றாள்.

இரண்டு வருடம் அவள் திரும்பி வரவில்லை. நான் மலாக்காவில் காத்திருந்தேன்.

இதற்கிடையில் மலாக்கா வக்கீல் ஒருவர் எனக்காக நஷ்டஈடு கேட்டு எழுதினார். டிக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் எல்லாம் சொல்லியிருக்கிறோம், பொறுப்பேற்க முடியாது என்று கம்பெனி பதில் போட்டது. அந்தோணியின் தாளை வக்கீல் நீட்டிய பிறகுதான் இறங்கி வந்தார்கள். அந்தத் தாளுக்காக அந்தோணியின் வேலை போயிருந்தது.

கிடைத்த நஷ்டஈட்டை அப்படியே சிங்கப்பூருக்குக் கொண்டுபோய் அவரிடம் நீட்டினேன். மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை.

"காதுக்கு வைத்தியம் பாக்கணும், குடுங்க. ஆனா இத்தோட எல்லாம் சரியாயிருச்சுன்னு நெனைக்காதீங்க."

நினைக்கவில்லை. பிள்ளையார் என் கையை எடுத்துக்கொள்ளவில்லை, அதில் இருந்த வெறியை எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து இந்தக் கை யார் மேலும் ஓங்கியதில்லை.

உங்கள் வீட்டில் யாராவது உங்கள் காலடிச் சத்தம் கேட்டு நடுங்கினால், இன்றைக்கே அவர் காலில் போய் விழுங்கள். உங்களையும் பிள்ளையார் தள்ளமாட்டார். நம்புங்கள்.

கமலம் அதோ, பெண்கள் வரிசையில் மகளோடு உட்கார்ந்திருக்கிறாள். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இருந்தாலும், அவள் எழுந்து சொல்லட்டும்.