என் காயலான் கடைக்குள் புகுந்த வைரஸ்

காயலான் கடை, பின்னால் சாக்கு அடுக்கும் கொட்டகை, மேலே மாடி வீடு, வாசலில் டெம்போ. செம்பாக்கத்துக்குத் தள்ளுவண்டியோடு வந்தவன், யார் தயவும் இல்லாமல் இத்தனையும் உண்டாக்கினேன். பள்ளிக்கூடத்தில் நான் ஒதுங்கியது மழைக்குத்தான். ஆனாலும் என் மாடியில் குடியிருந்த மேடத்துக்குக் கல்லூரி வேலை கிடைத்ததில் எனக்கும் பங்கு உண்டு.

குழந்தைகளுக்குக் கையிலும் காலிலும் வாயிலும் கொப்புளம் போடுமே, அந்த வைரஸைத்தான் மேடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஒரு நாள் கடைக்கு இறங்கி வந்தார். மறுநாள் கல்லூரியில் நேர்காணல். படிக்காதவருக்கும் புரிகிற மாதிரி விளக்கச் சொல்லியிருந்தார்களாம். என்னை உட்காரவைத்துப் பேசிப் பார்த்தார். நான் கொட்டாவி விட்டேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“இன்னா மேடம், இதுக்குப் போயி அழுதுகினு! நம்ம கடைய வச்சுச் சொல்லுங்க, புரிஞ்சிக்கிறேன்.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் உங்க கடை மாதிரி ஒண்ணு இருக்கு அண்ணா. உடைஞ்சது, பழசு எல்லாத்தையும் சாக்குல கட்டுற மாதிரி கட்டி, கரைக்கிற இடத்துக்கு அனுப்பும். கரைஞ்சதுல இருந்து புதுசு செஞ்சுக்கும். வைரஸ் உள்ள வந்தா அதையும் கரைச்சிடணும். ஆனா இது அந்தச் சாக்கையே தனக்கு யூஸ் பண்ணிக்குது.”

எனக்குச் சுருக்கென்றது. என்னிடம் சரக்குப் பிரிக்க வந்த ஒருவன் இதையேதான் செய்தான். உருக்காலைக்குப் போகவேண்டிய மூட்டைகளை அனுப்பாமல் அடுக்கி, அந்த மறைவில் உட்கார்ந்து, என் பழைய மிக்ஸிகளைப் பிரித்துப் புது மிக்ஸிகளாகப் பூட்டினான். என் சரக்கு, என் கரண்டு. செய்து முடித்ததை என் சாக்கிலேயே கட்டி, என் டெம்போவிலேயே வெளியே அனுப்பினான். மூட்டை மலையாகக் குவிந்ததைப் பார்த்து, வியாபாரம் பெருகிவிட்டது என்று நான் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

இதைச் சொன்னதும் மேடம் துள்ளி எழுந்தார். “இதேதான் அண்ணா அது செய்யுது! கரைக்கிற இடத்துக்குப் போகவிடாம தடுத்து, அங்கயே தன்னைப் பெருக்கி, அதே சாக்குல வெளிய போகுது! உங்க திருடன் என்னைக் காப்பாத்திட்டான்.”

“அவன் இன்னா காப்பாத்துனான்? ஏமாந்தது நானு!”

இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். மறுநாள் அந்தக் கதையைச் சொல்லித்தான் வேலை வாங்கினார். இப்போது வெளியூரில் பெரிய பேராசிரியர். பொங்கலுக்குத் தவறாமல் போன் செய்து என் சர்க்கரையை விசாரிப்பார். தங்கமான மனசு.

போன வாரம் என் மகள் அவர் பேசிய வீடியோவைப் போட்டுக் காட்டினாள். “ஒரு காயலான் கடையைக் கற்பனை பண்ணிக்கோங்க” என்று ஆரம்பிக்கிறார்.

கற்பனையா? மேடம், நீங்கள் நன்றாக இருக்கவேண்டும். ஆனால் அடுத்த மேடையில் அந்தக் கடை செம்பாக்கத்தில் இருக்கிறது என்று சொல்லுங்கள். ஏமாந்தவன் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.