கடிதம் வரட்டும்

மாவட்ட அலுவலகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வரும்வரை மாணவர்கள் புதிய தொடுதிரைப் பலகையைத் தொடக்கூடாது என்பது விதி. மலேசியாவில் சிகாமட் பக்கம் தலைமையாசிரியராக இருந்த நான், அனுமதி கேட்டு எழுதிவிட்டுப் பலகை இருந்த அறையைப் பூட்டினேன்.

முதலாம் ஆண்டில் படித்த ஏழு வயது யாழினி பள்ளியில் வாயே திறக்கவில்லை. "வீட்டுல நல்லா பேசுவா சார். அந்தப் பலகையில தன் குரலக் கேட்டா இங்கயும் பேசுவா லா," என்றார் அவளுடைய வகுப்பாசிரியை.

"கடிதம் வரட்டும்," என்றேன்.

பிறகு, பேசாத அவளைக் கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான சிறப்பு வகுப்புக்குப் பரிந்துரைக்கும் படிவம் வந்தது. அதற்கு என் கையெழுத்தே போதும். எடுத்த பேனாவை வைத்துவிட்டு அந்த அறையின் சாவியை எடுத்தேன்.

யாழினி திரையில் பூனையைத் தொட்டு, "பூனை" என்றாள். திரை அவள் குரலிலேயே திருப்பிச் சொன்னதும் சிரித்தாள். "இப்ப நீங்க சொல்லுங்க சார்!"

நானும் பூனையைத் தொட்டு, "பூனை" என்றேன்.

கையெழுத்தில்லாத அந்தப் படிவம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அனுமதிக் கடிதம் நான் ஓய்வு பெற்ற நாளன்று வந்தது.