புத்தகத்தில் நான் செத்துப்போனது

எனக்கு ஏழு வயதிருக்கும்போது, என்னைக் கப்பலேற்றிக் கொண்டுபோய்விடுவார்கள் என்று சேர்வராயன் மலையில், நாகலூர்ப் பக்கத்தில் எங்கள் காப்பி எஸ்டேட் முழுக்கப் பேச்சாக இருந்தது. கொண்டுபோகப் போகிறவர் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார். கீழே சேலத்தில் வெயில் மண்டையைப் பிளக்கிற சித்திரையில்தான் எங்கள் ஆத்துமாவைப் பற்றிய கவலை அவருக்கு வரும். மார்கழியில் காப்பிப்பழம் பறித்து எங்கள் விரல்கள் விறைத்துப்போகும்போது அது வந்ததே இல்லை. துரையின் பங்களாவில் தங்கி, காலையில் குதிரைச் சவாரி, மதியம் கோழிக்கறி, சாயங்காலம் கொஞ்சம் ஊழியம் என்று இரண்டு மாதம் ஓட்டிவிட்டுக் கப்பலேறித் தன் ஊருக்குக் கிளம்புவார்.

அந்த வருஷம் எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர், கூலிக்காரர்கள் இருக்கும் லைனில் எங்கள் வீட்டுக்கு வந்து, "அம்மிணி, பாதிரியார் உன்ற புள்ளைய போட்டோ புடிக்கோணுமாம். பங்களாவுக்குக் கூட்டியா" என்றார். அம்மா என்னை இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டாள். மறுக்க முடியாது. அப்பா இறந்த பிறகு அவள் கூலிதான் எங்களுக்குச் சோறு. போட்டோ என்றால் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, சேர்வராயன் சாமி திருவிழாவுக்கு வாங்கி வைத்திருந்த பாவாடையைக் கட்டிவிட்டு, பக்கத்து வீட்டில் பாசிமணி இரவல் வாங்கிப் போட்டு, தலை நிறையப் பூ வைத்தாள்.

என்னைப் பார்த்ததும் பாதிரியாரின் முகம் தொங்கிப்போனது. இப்படி ஒரு பிள்ளையைக் காட்டினால் அவர் ஊரில் யார் காசு போடுவார்கள்? பாவாடையை அவிழ்க்கச் சொன்னார். காப்பிச் சாக்கு ஒன்றை என்மேல் சுற்றினார்கள். பூவைப் பிய்த்து, தலையை விரித்துவிட்டு, சமையலறைச் சாம்பலைக் கொண்டுவந்து பூசினார்கள். எங்களில் தலைவிரிகோலம் சாவு வீட்டில்தான். அம்மா சுவரோரம் நின்று, "வேண்டாஞ் சாமி, வேண்டாஞ் சாமி" என்று முனகிக்கொண்டே இருந்தாள். பயத்தில் நான் சாக்கிலேயே ஒண்ணுக்குப் போய்விட்டேன். என் அழுத முகம் பாதிரியாருக்கு மிகவும் பிடித்துவிட்டது.

அவர் என்னைக் கொண்டுபோகவில்லை. படத்தை மட்டும் கொண்டுபோனார். அப்பாடா என்று இருந்தோம்.

அடுத்த சித்திரைக்குக் கொஞ்சம் முன்னால் ரைட்டர் ஒரு சின்னப் புத்தகத்தோடு வந்தார். துரைக்குத் தபாலில் வந்ததாம். அட்டையில் நான். இங்கிலீஷில் இருந்ததை அவர் படித்துச் சொன்னார். சேர்வராயன் சாமி இருக்கிற குகையில் என்னைப் பலி கொடுக்கப் போனார்களாம். பாதிரியார் ஓடிவந்து பிடுங்கிக் காப்பாற்றினாராம். பிறகு நான் காய்ச்சலில், சிரித்த முகத்தோடு பரலோகம் போய்விட்டேனாம். அதைப் படித்தவர்கள் கண்ணீரும் காசும் கொட்டியதில் இந்தத் தடவை பாதிரியாரோடு நாலு பேர் வரக் கப்பல் டிக்கெட்டாம். எனக்குத் தெரிந்து அந்தக் குகைக்கு நாங்கள் தேங்காய் பழம் தவிர எதையும் கொண்டுபோனதில்லை.

அம்மா அதைப் பற்றியெல்லாம் கேட்கவில்லை. "ஏனுங்க, எம்புள்ள எத்தன வயசுல செத்துப்போச்சுன்னு போட்டிருக்குதுங்க?" என்றாள்.

"எட்டு."

எனக்கு எட்டு நடந்துகொண்டிருந்தது. அன்று முதல் அம்மா என் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். களை வெட்டப் போன இடத்திலிருந்து ஓடிவந்தும் பார்த்தாள். அச்சில் ஏறியது எப்படிப் பொய்யாகும் என்று அவளுக்குப் பயம். எனக்கும் அதே பயம்தான்.

பாதிரியாரும் அவரோடு கப்பலில் வந்தவர்களும் மலையேறி வந்த மறுநாளே ரைட்டர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "செத்த புள்ளையோட ஊட்டைப் பாக்கோணும்னு எல்லாரும் வாராங்க. புள்ளைய உள்ள போட்டுப் பூட்டச் சொல்லிப் பாதிரியாரே அனுப்பிச்சாரு. அவங்க கண்ணுல பட்டுதுன்னா நம்ம ரெண்டு பேர் பொழப்பும் போச்சு அம்மிணி."

அம்மா என்னை உள்ளே தள்ளிப் பூட்டினாள். ராகி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டேன். வாசலில் பூட்ஸ் சத்தம் வந்து நின்றது. பாதிரியார் அவர் பாஷையில் என் கதையைச் சொல்ல, யாரோ ஒரு வெள்ளைக்காரி விம்மினாள். பிறகு எனக்காகப் பாட்டுப் பாடினார்கள். அம்மாவும் அழுதாள். அந்த அழுகை நடிப்பில்லை என்று உள்ளே இருந்த எனக்குத் தெரிந்தது. இருமல் வந்தது. செத்த பிள்ளை இருமக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன். நிஜமாகவே செத்துவிட்டேனோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

பூட்ஸ் சத்தம் சரிவில் இறங்கிப் போன பிறகுதான் கதவு திறந்தது. நான் இன்னும் வாயைப் பொத்தியபடியே இருந்தேன். அம்மா கிட்டே வந்து நெற்றியில் கை வைத்தாள்.

"மூச்சு உடு கண்ணு" என்றாள். "அவங்க போயிட்டாங்க."