அரங்கசாமியின் பூச்சி

சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு, விரல் முட்டியால் சுவரில் மூன்று தட்டுத் தட்டிக் காதை ஒட்ட வைக்கிறார் அரங்கசாமி. "ஏனுங்க, உள்ள ஆராச்சும் இருக்கீங்களா?" துடியலூர்ப் பக்கம் பழைய வீடுகளைப் புதுப்பிப்பவர்களுக்குச் சுவர் இடித்துக் கொடுப்பவர் அவர். இந்த விசாரணை இல்லாமல் முதல் அடி விழாது.

சும்மா சொல்லக்கூடாது, பதிலும் வந்திருக்கிறது. ஏசி ஓட்டையில் தென்னை நாருக்குள் கண் திறக்காத அணில்பிள்ளைகள். சுவிட்சுப் பெட்டிக்குப் பின்னால் கொசுத்தேனீ. பலகை அடித்த வென்டிலேட்டரில் வௌவால். அவை கிளம்பும்வரை பீடிகூடப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருப்பார். வீட்டுக்காரர்கள் பல்லைக் கடித்தால், "அவிங்க ஊட்டையுந்தானுங்க இடிக்கறோம்" என்பார்.

பாம்பை மட்டும் பெயர் சொல்லமாட்டார். சொன்னால் கூப்பிட்ட மாதிரியாம். அவருக்கு அது 'பூச்சி'. பாம்பு பிடிப்பவரின் எண்ணைக்கூடச் செல்போனில் 'பூச்சிக்காரர்' என்றுதான் வைத்திருக்கிறார். ஊர்க்காரர்களுக்குப் புரியும் என்பதால் இதுவரை வம்பில்லை.

போன புதன்கிழமை வம்பு வந்தது. சென்னையில் வளர்ந்து, இங்கே கல்லூரி வேலைக்கு வந்து, பழைய வீடொன்றை வாங்கியிருந்த ஃபெமினாவின் குளியலறை. இரண்டு டைல்ஸைப் பெயர்த்ததும் பின்னால் ஒரு பொந்து. தட்டிக் கேட்டவர் முகம் மாறி, சத்தமில்லாமல் இரண்டடி பின்வாங்கினார்.

"அம்மணி, உள்ள பூச்சி இருக்குதுங்க."

"பூச்சிதானேண்ணா, நான் பாத்துக்கறேன்" என்று ஃபெமினா சமையலறைக்குப் போனார். பயந்து ஒதுங்குகிறார் என்று நினைத்து, இவர் பூச்சிக்காரரைக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்துத் திரும்பினால், கரப்பான் மருந்து டப்பாவோடு ஃபெமினா பொந்தின் முன்னால் மண்டி போட்டிருக்கிறார். கை மணிக்கட்டுவரை உள்ளே போயிருந்தது.

"அய்யோ, பூச்சிங்க கண்ணு! பெரிய பூச்சிங்க!"

"எவ்வளவு பெரிய பூச்சியா இருந்தாலும் இதுல செத்துடும்ணா."

அந்தப் பெயரைச் சொல்லாமல் புரியவைக்க, அரங்கசாமி வேறு வார்த்தை தேடினார். கை இன்னும் ஓர் அங்குலம் உள்ளே போனது.

"பாம்பு! பாம்பு! கைய எடு!"

அவர் வாயிலிருந்து 'ங்க' இல்லாமல் ஒரு பேச்சு வந்து யாரும் கேட்டதில்லை. ஃபெமினா கையை இழுத்துக்கொண்டு பின்னால் சாய, கை இருந்த இடத்தில் ஒரு படம் விரிந்து சீறியது.

பூச்சிக்காரர் முக்கால் மணி நேரத்தில் வந்து, அந்த நல்ல பாம்பைப் பையில் போட்டு வாயைக் கட்டினார். "உயிரைக் காப்பாத்திட்டீங்கண்ணா" என்றார் ஃபெமினா.

அரங்கசாமி அவரைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்தபடி, தன் வாயில் தானே இரண்டு போட்டுக்கொண்டார்.