மசாலாவில் உப்பு கம்மி

சாப்பாட்டில் குற்றம் கண்டுபிடிப்பதில் என் அப்பாவை மிஞ்ச எங்கள் ஊர் வேங்கிக்காலில் அப்போது ஆள் கிடையாது. குழம்பில் புளி ஜாஸ்தி, ரசத்தில் மிளகு கம்மி, இட்லி கல் மாதிரி என்று தினமும் ஏதாவது சொல்வார். அம்மாவும் விடமாட்டாள். அவர்கள் சண்டை முடிவதற்குள் எனக்குப் பள்ளிக்கூட வேன் வந்துவிடும்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் அப்பாவுக்கு டைபாய்டு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது ஆள் பாதியாகியிருந்தார். குணம் மட்டும் தங்கமாகிவிட்டது. கஞ்சி கொடுத்தால் கஞ்சி, ரொட்டி கொடுத்தால் ரொட்டி. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வைப்பார். எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்டால், நல்லா இருக்கு என்பார். காய்ச்சல் அப்பாவைத் திருத்திவிட்டது என்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. அம்மா ஏன் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று நான் யோசிக்கவில்லை.

எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் இதே கதைதான். அப்போதுதான் அம்மாவின் தம்பி, என் மாமா, ஒரு யோசனையோடு வந்தார். ஆசிரமத்துப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் வரும் ஓட்டலில் அவர் சமையல் வேலை பார்த்தார். அங்கே காய்கறி மட்டும்தான் சுடுவார்களாம். கறி சுடுவது அவருடைய சொந்த ஆசை. பௌர்ணமி கிரிவலக் கூட்டம் ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறி, காலிஃப்ளவர், குடைமிளகாய், ஒரு கம்பி வலை எல்லாவற்றோடும் வந்து இறங்கினார்.

அம்மா கெட்டித் தயிரில் இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், மிளகு, உப்பு, எலுமிச்சைச் சாறு, கடலை எண்ணெய் எல்லாம் சேர்த்துக் கலந்தாள். சாயங்காலம் வரை ஊற வேண்டும் என்றார் மாமா. கறியை அதில் போடுவதற்குள் அப்பா கட்டிலை விட்டு எழுந்து சமையலறைக்கே வந்துவிட்டார். யாரையும் கேட்காமல் மசாலாவைத் தொட்டு நக்கினார். முகத்தைச் சுளித்தார்.

"உப்பு கம்மி. இப்பிடிக் கலந்தா கறியில எப்பிடிப் பிடிக்கும்?"

பழைய அப்பா திரும்பி வந்துவிட்டார். அம்மாவைக் காப்பாற்றுவதற்காக நானும் தொட்டு நக்கி, உப்பு சரியாக இருக்கிறது என்றேன். உண்மையிலேயே சரியாகத்தான் இருந்தது.

"நீ சும்மா இருடி. அப்பாவுக்குத் தெரியாததா?" என்று அம்மா என்னை அடக்கிவிட்டு உப்பை அள்ளிப் போட்டாள். அப்பா மறுபடி நக்கினார். இன்னும் கொஞ்சம் என்றார். அதையும் போட்டாள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதைப் பார்க்காத மாதிரி மாமா குடைமிளகாயை நறுக்கிக்கொண்டிருந்தார்.

மலைக்குப் பின்னால் வெயில் இறங்கும்போது மொட்டை மாடியில் கரி அடுப்பு தயாராகியிருந்தது. சுட்ட கறி வாயில் வைக்க முடியாமல் உப்புக் கரித்தது. காலிஃப்ளவர் அதைவிட மோசம். அப்பா ஒரு கால் துண்டை எலும்பு வரை கடித்து முடித்து, இன்னொன்று கேட்டு வாங்கி, ஒரு பக்கம் கருகிவிட்டது என்று மாமாவையும் திட்டினார். மாமா சிரித்துக்கொண்டே அடுப்பை விசிறினார்.

அம்மா கைப்பிடிச் சுவரோரம் போய்ப் பெரியம்மாவுக்குப் போன் செய்தாள்.

"உப்பு கம்மின்னு திட்டறாருக்கா. கறி கருகிடுச்சுன்னு திட்டறாரு."

சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். திட்டு வாங்கியதைப் போய் இத்தனை சந்தோஷமாகச் சொல்கிறாளே என்று எனக்கு அவள்மேல் கோபமாக வந்தது. நாளைக் காலையிலிருந்து மறுபடியும் சண்டைதான் என்ற கவலையோடு, தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கிப் போனேன்.