கழற்றினால் யார் கேட்பார்கள்?

அன்று காலை கோவிலில் துக்கமணி அடித்தபோது நான் துறைமுக வீதியிலுள்ள எங்கள் மென்பொருள் அலுவலகத்தில் இருந்தேன். எங்கள் தேவாலயப் பங்கில் யார் இறந்தாலும் மணி அடிக்கும். சற்று நேரத்தில் எல்லாருடைய கைபேசிக்கும் பெயரோடு செய்தி வரும். எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மணியில்தான் ஏதோ பிழை என்று வேலையைத் தொடர்ந்தேன். அந்தச் செய்தி அமைப்பைக் கட்டியவன் நான். அதன்மேல் அவ்வளவு நம்பிக்கை. மத்தியானம் மரியா தொலைபேசியில் அழுதபோதுதான், மணி அவருடைய அக்கா ஜெசிந்தாவுக்கு அடித்தது என்று தெரிந்தது. என் பக்கத்துக் கதிரையில் இருந்து வேலை செய்தவர். மாரடைப்பு.

இந்த அஞ்சலியை வாசிக்கும், அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய கதையும் சிரிப்பும் நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஒருமுறை விடுதி நடத்தும் ஒருவர் அறைப் பதிவுக்கு மென்பொருள் கேட்டு வந்தார். நான் வெண்பலகை நிறையப் பெட்டிகளும் அம்புக்குறிகளும் வரைந்து, ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் பதிந்தாலும் தாங்கும் என்று பெருமைப்பட்டேன். ஜெசிந்தா அக்கா அவரிடம், "அண்ணை, எத்தினை அறை?" என்று மட்டும் கேட்டார். நாலு. "நாலு அறையில ஆயிரம் பேரை எங்க படுக்க வைக்கிறது?" என்றார். பிறகு ஒவ்வொரு பெட்டியிலும் விரலை வைத்து, "இதைக் கழட்டினா ஆர் வந்து கேக்கப்போகினம்?" என்றார். கடைசியில் ஒரு திரைதான் மிஞ்சியது. விடுதிக்காரர் இன்றும் அதைத்தான் பாவிக்கிறார்.

பங்கின் மரண அறிவித்தலுக்கும் முதலில் நிரல் எழுதியவர் அவர்தான். பெயர், நேரம், இடம், 'அனுப்பு'. அவ்வளவுதான். இந்தக் காலத்தில் இப்படியும் ஒன்றா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. சென்ற வருடம் அதைத் தூக்கிவிட்டுப் புதிதாகக் கட்டினேன். குழுக்கள், பிரிவுகள், எல்லாவற்றுக்கும் மேலே இரட்டை ஒப்புதல்: கோவிலில் ஒருவர் பதிய, இன்னொருவர் சரிபார்த்தால்தான் செய்தி போகும். சரிபார்ப்பவராக அக்காவையே போட்டேன். அவரைவிட நம்பிக்கையான ஆள் யார்?

"இதுவரைக்கும் ஒரு பிழைச் செய்தி எண்டாலும் போனதோ?" என்று கேட்டார்.

"இல்லை அக்கா. போனா என்ன செய்யிறது?"

"நான் காய்ச்சல் எண்டு படுத்தா?"

"படுத்துக்கொண்டே ஒரு தட்டுத் தட்டினாப் போதும்."

"ஓம், உம்மோட கதைச்சு வெல்ல ஏலாது" என்று சிரித்தார். நான் வென்றதாகவே நினைத்துக்கொண்டேன்.

செய்தி வராததை அடக்க அலுவல்களில் மறந்தே போயிருந்தேன். அடக்கம் முடிந்து வந்தபின் மரியா அக்காவின் கைபேசியை என்னிடம் தந்தார். "நேத்தையில இருந்து கத்திக்கொண்டே கிடக்குது. என்னெண்டு பாருங்கோ." திரையில் இருந்தது: 'ஒரு மரண அறிவித்தல் உங்கள் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது.' கோவிலில் பதிந்தவர் செய்தி போய்விட்டதென்றே நினைத்திருந்தார். நான் கட்டிய அமைப்போ, அக்காவின் மரணத்தை அறிவிக்க அக்காவிடமே அனுமதி கேட்டுக்கொண்டிருந்தது.

நகரத்தில் வாய்வழியாகத் தெரிந்துவிட்டது. சற்றுத் தள்ளியிருக்கும் நிலாவெளிக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் அங்கிருந்து மீன் விற்கும் பிலோமினாம்மா, அக்காவுக்கென்று எடுத்து வைத்த பாரை மீனோடு வழக்கம்போல வீட்டு வாசற்படலையில் வந்து நின்றார். விஷயம் தெரிந்ததும் படலையைப் பிடித்தபடி நிலத்தில் இருந்துவிட்டார். பிறகு அங்கே நின்ற என்னிடம் கேட்டார்: "ஆர் செத்தாலும் எனக்குச் செய்தி வாறது, தம்பி. இவவின்ர முகத்தைக் கடைசியாப் பாக்க மட்டும் ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?" நான் காரணம் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. சொல்லும்போது எனக்கும் விளங்கவில்லை.

உங்களில் இன்னும் பலர் அந்த முகத்தைப் பார்க்காமல் போனதற்கு நான்தான் காரணம். அதைச் சொல்லாமல் அவருக்கு அஞ்சலி எழுத எனக்குத் தகுதி இல்லை. மன்னிப்புக் கேட்கவும் வெட்கமாக இருக்கிறது.

அக்காவின் பழைய நிரலைத் திரும்பப் போட்டுவிட்டேன். அதிலிருந்து முதலில் போனது அவருடைய முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கான செய்தி. பிலோமினாம்மா வந்திருந்தார். என்னிடம் மிஞ்சியிருப்பது அக்காவின் அந்த ஒரு கேள்வி. எதைக் கட்ட உட்கார்ந்தாலும் அதைத்தான் முதலில் கேட்கிறேன். இரட்டை ஒப்புதலைக் கழற்றிப் பல வாரங்கள் ஆகின்றன. இதுவரை ஒருவரும் வந்து கேட்கவில்லை.